ஸ்டிக்கர் இருக்கிறதே, சான்றிதழ் எதற்கு?

கேள்வி: பட்டர்வொர்த், மாக் மண்டினில் மசாலாத்தூள் அரைத்து 250 கிராம் பாக்கெட்டாகப் போடுகிறோம். பாக்கெட் மேசையில் இருப்பது 15 கிலோ வரை நிறுக்கும் தராசு, 5 கிராம் பிரிவு (எடையை 5, 5 கிராமாகத்தான் காட்டும்). மூட்டை நிறுக்கத் தனியாக ஒரு பிளாட்ஃபார்ம் தராசு. இரண்டிலும் இந்த வருடத்து முத்திரை ஸ்டிக்கர் இருக்கிறது. சரக்கு எடுப்பவர்களின் ஆடிட்டர் கேலிபிரேஷன் சான்றிதழ் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. ஸ்டிக்கர் சட்டத்துக்கு. வியாபாரத்துக்கு நிறுக்கும் தராசில் முத்திரை இருக்க வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம். சோதித்த அன்று உங்கள் தராசு அனுமதித்த வரம்புக்குள் இருந்தது, அவ்வளவுதான் அது சொல்லும். எத்தனை கிராம் தப்பு என்று சொல்லாது. அதைச் சொல்வது சான்றிதழ்: இந்த எடைக்கல்லுக்கு இவ்வளவு காட்டியது, பிழை இவ்வளவு, அந்தப் பிழைக் கணக்கிலேயே நிச்சயமின்மை, அதாவது கூடக் குறைய இருக்கக்கூடியது, இவ்வளவு.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. 250 கிராம் பாக்கெட்டுக்கு 5 கிராம் பிரிவுத் தராசா? 250 என்று காட்டும்போதே உள்ளே 248 இருக்கலாம், 252 இருக்கலாம். ஓஐஎம்எல் (எடை, அளவைச் சட்டங்களுக்கான சர்வதேச அமைப்பு) விதிப்படி, இந்த வகைத் தராசு புழக்கத்தில் இருக்கும்போது அந்த எடையில் ஒரு பிரிவு வரை தவறலாம். அதாவது 5 கிராம், பாக்கெட்டில் 2 சதவீதம். சான்றிதழ் சுத்தமாக வரும், பாக்கெட் குறையும். 3 கிலோ, 1 கிராம் பிரிவுத் தராசுக்கு மாறினால் அதே விதியில் 1 கிராம்தான். முதலில் இந்தச் செலவைச் செய்யுங்கள்.

அடுத்து, யாரிடம் கொடுப்பது? ஐஎஸ்ஓ 17025 (சோதனை, கேலிபிரேஷன் கூடங்களின் தகுதிக்கான சர்வதேசத் தரநிலை) படி, ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியாவின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான சாம் (SAMM) அங்கீகாரம் பெற்ற கேலிபிரேஷன் கூடமாகப் பாருங்கள். சாம் சின்னம் மட்டும் போதாது. உங்கள் தராசின் கொள்ளளவு அவர்கள் அங்கீகாரத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள்.

டெக்னீஷியன் வந்ததும் அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: சரிசெய்வதற்கு முன் தராசு என்ன காட்டியதோ அதையும் எழுதித் தாருங்கள் என்று. பல பேர் வந்ததும் பட்டனை அமுக்கிச் சரிசெய்துவிட்டு, சரியான எண்களை மட்டும் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். போன ஆறு மாதம் அனுப்பிய சரக்கு எப்படிப் போனது என்று ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சரிசெய்யும்போது முத்திரை உடைந்தால் மறுபடி முத்திரை வாங்க வேண்டும். அதனால் கேலிபிரேஷன் முதலில், முத்திரை அப்புறம்.

வருடத்துக்கு ஒரு தாளை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். சான்றிதழோடு ஒரு எடைக்கல் வாங்கி, தினமும் காலையில் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மூலைக்கு மூலை வித்தியாசம் வந்தால் தட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒரு மசாலாக் கூடத்தில் இப்படித் தூக்கியபோது அடியில் மிளகாய்த்தூள் கெட்டித்து அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. தும்மி முடிக்கவே கால் மணி நேரம். கல்லை வெறுங்கையால் தொடாதீர்கள். கதவு சாத்தாமல் இருக்க அண்டை கொடுக்கவும் வேண்டாம், அதையும் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து நேராக வந்த தராசு என்றால் இன்னொன்று: ஜெர்மனியைவிட இங்கே புவியீர்ப்பு கிட்டத்தட்ட 0.3 சதவீதம் குறைவு. அங்கே சரிசெய்து அப்படியே இங்கே வைத்தால் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 30 கிராம் குறைத்துக் காட்டும். தராசு நிற்கும் இடத்திலேயே கேலிபிரேஷன் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போதைக்குப் பாக்கெட் மேசைத் தராசை முதலில் முடியுங்கள். மூட்டைத் தராசின் கேலிபிரேஷனுக்குப் பதிவு செய்த தேதியை ஆடிட்டரிடம் எழுத்தில் கொடுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.