குழந்தைகளின் அறை: அலங்காரத்துக்கு முன் வெயிலைக் கவனியுங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் 10 அடிக்கு 12 அடி அளவில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வீடு கட்டி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அறைக்கு மேலே மொட்டை மாடி. மேற்கிலும் வடக்கிலும் ஜன்னல்கள், தெற்கில் கதவு. ஒன்பது வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் அதையே படுக்கையறையாகவும் விளையாட்டு அறையாகவும் மாற்ற விரும்புகிறோம். உள் அலங்காரம் செய்பவர் ஃபால்ஸ் சீலிங், கிழக்குச் சுவரை ஒட்டி இரண்டடுக்குக் கட்டில், சுவர் முழுவதும் கார்ட்டூன் வால்பேப்பர், வடக்கு ஜன்னலைப் பாதி மறைக்கும் பெரிய அலமாரி என்று திட்டம் கொடுத்திருக்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடலாமா?

பதில்: முடிக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தின்படி வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது மொட்டை மாடியும் மேற்குச் சுவரும்தான். மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். நாள் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளமும் பிற்பகல் முழுவதும் காய்ந்த மேற்குச் சுவரும், அந்தச் சூட்டை இரவு பத்து, பதினொரு மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில்தான் குழந்தைகள் தூங்கப் போகிறார்கள். எவ்வளவு அழகாக அலங்கரித்தாலும், புழுங்கும் அறையை விட்டு அவர்கள் தலையணையை எடுத்துக்கொண்டு கீழே உங்களிடமே வந்துவிடுவார்கள். செலவு செய்த அறை துணி காயப்போடும் இடமாகிவிடும். ஆகவே பணத்தின் முதல் பங்கு அறைக்கு உள்ளே அல்ல, அறைக்கு மேலே செலவாக வேண்டும்.

தளத்தின் தட்டோடுகளில் விரிசல் இருந்தால் கொத்தனாரைக் கொண்டு அடைத்துவிட்டு, அதன் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். வசதி இருந்தால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், இல்லையென்றால் நம் ஊரில் வழக்கமாகச் செய்வதுபோல் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கை அடித்தாலும் பலன் தெரியும். புழுதி படிந்தால் வெள்ளையின் பயன் குறைந்துவிடும் என்பதால் கோடை தொடங்கும் முன் ஆண்டுதோறும் கழுவிவிட வேண்டும், சுண்ணாம்பானால் புதிதாக அடிக்க வேண்டும். அடுத்து மேற்கு ஜன்னல். உள்ளே கனமான திரை போடுவதைவிட வெளியே சன்ஷேட்டிலிருந்து மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுவது எவ்வளவோ மேல்; கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டைத் திரையால் வெளியே அனுப்ப முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் வடக்கு ஜன்னலையும் தெற்குக் கதவையும் திறந்து வைத்தால் காற்று அறையைக் கடந்து போகும். அதனால்தான் வடக்கு ஜன்னலை அலமாரியால் மறைப்பதை நான் ஏற்கவில்லை. அதே அலமாரியை மேற்குச் சுவரில் ஜன்னல் இல்லாத பகுதியில், சுவரிலிருந்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால், துணிமணிகள் அடுக்கிய அலமாரியே குழந்தைகளுக்கும் அந்தச் சூட்டுச் சுவருக்கும் நடுவே மறைப்பாக நிற்கும். அதை எல் வடிவக் கிளாம்பால் சுவரோடு முடுக்கிவிட ஆசாரியிடம் கட்டாயம் சொல்லுங்கள். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறும் வயது உங்கள் மகனுடையது. அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்து பிள்ளைகள் நசுங்கும் விபத்துகள் நடக்கத்தான் செய்கின்றன.

இரண்டடுக்குக் கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இப்போது சிறிய அறை என்றாலே அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் அறையின் உயரம் வழக்கமான 10 அடி என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் சீலிங் அரை அடியை எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து மின்விசிறி ஓர் அடி இறங்கினால் இறக்கைகள் எட்டரை அடி உயரத்தில் சுற்றும். கட்டிலின் மேல்தட்டு 5 அடியில், அதன் மேல் நான்கு அங்குல மெத்தை. ஒன்பது வயதுப் பெண் ஏறக்குறைய நாலேகால் அடி உயரம் இருப்பாள். அவள் மேல்தட்டில் எழுந்து நின்றால் தலை ஒன்பதரை அடிக்குப் போய்விடும். பக்கவாட்டிலும் கணக்குப் பாருங்கள். பத்தடி அகல அறையின் நடுவில் மாட்டிய 48 அங்குல மின்விசிறியின் இறக்கை முனை, சுவரிலிருந்து சரியாக மூன்றடியில் வந்து போகும். சுவரை ஒட்டிய கட்டிலின் அகலமும் மூன்றடி. போர்வையை உதறக் கையை நீட்டினால்கூட இறக்கை எட்டும். மின்விசிறி இல்லாமல் மதுரையில் தூங்கவும் முடியாது.

விழுகின்ற அபாயம் தனி. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மேல்தட்டில் படுக்கவைக்கக் கூடாது என்பது பல நாடுகளில் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் விதி. மகளுக்கு மேல்தட்டு, மகனுக்குக் கீழ்த்தட்டு என்று நீங்கள் பிரித்துக் கொடுத்தாலும், பகலில் அந்த ஏணி நான்கு வயதுக்காரனின் விளையாட்டுச் சாமான்தான். போதாததற்கு, சூடான காற்று மேலே சேரும் என்பதால் தளத்தை ஒட்டிய மேல்தட்டுதான் அறையிலேயே புழுக்கமான இடம்.

இதற்கு மாற்றாக, ஒரு தாழ்வான கட்டிலும் அதன் அடியிலிருந்து சக்கரத்தில் இழுக்கும் இன்னொரு கட்டிலுமாகச் செய்யச் சொல்லுங்கள். இரவில் இரண்டு படுக்கை, பகலில் தரை முழுவதும் காலி. இதைக் கிழக்குச் சுவரை ஒட்டிப் போடலாம். ஜன்னலுக்கு அடியில் மட்டும் வேண்டாம், படுக்கை மேல் ஏறி கிரில்லில் தொற்றுவார்கள். மெத்தைக்கு இலவம்பஞ்சு நம் வெயிலுக்குப் பொருத்தமானது. போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு மதுரைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. மாதம் இரு முறை மொட்டை மாடியில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பஞ்சைப் பிரித்து அடித்துத் திணிக்க வேண்டும். பிள்ளைகளில் யாருக்காவது வீசிங் இருந்தால் பழைய பஞ்சு மெத்தையைத் தவிர்த்து, உறையைக் கழற்றி வெந்நீரில் துவைக்கக்கூடிய மெத்தையாக வாங்குங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இந்த அறைக்குத் தேவையில்லை. மேலே தளம் குளிர்ந்துவிட்டால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

பெயிண்ட் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு உபயோகப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீடு அதற்கு முந்தையது. கதவு, ஜன்னல் கம்பி, கிரில் ஆகியவற்றின் மேலுள்ள பழைய எனாமல் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பெயிண்டர் அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி தரையில் படிந்து, பிள்ளைகளின் கைவழியே வாய்க்குப் போகும். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதித்த பின் சரிசெய்ய மருந்தில்லை. எனவே தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், தரையில் பிளாஸ்டிக் விரித்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் பலமுறை துடைக்க வேண்டும். அந்த நாட்களில் பிள்ளைகளை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பழைய சாமான் கடையிலோ காரைக்குடியிலோ வர்ணம் பூசிய பழைய கட்டிலும் தொட்டிலும் வாங்க நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

புதிய பூச்சுக்கு, கறை பட்டால் துடைத்தெடுக்கக்கூடிய, வாடை குறைந்த எமல்ஷன் போதும். வால்பேப்பர் வேண்டாம்; மேற்குச் சுவரின் சூட்டிலும் ஐப்பசி ஈரத்திலும் ஓரம் பிரியும். இன்று நான்கு வயதுக்காரனுக்குப் பிடித்த பொம்மைப்படம் ஆறு வயதில் அவனுக்கே பிடிக்காது. வண்ணம் வேண்டுமென்றால் துணியில் கொண்டுவாருங்கள்: வீட்டில் இருக்கும் பழைய சுங்குடிச் சேலை இரண்டை வடக்கு ஜன்னலுக்குத் திரையாகத் தைத்தால் காற்றும் வரும், வாரம் ஒருமுறை துவைக்கவும் முடியும். கயிறு தொங்கும் பிளைண்டுகளைக் குழந்தைகள் இருக்கும் அறையில் மாட்டவே கூடாது, கழுத்தில் சுருக்கிக்கொள்ளும். இரண்டு ஜன்னல்களுக்கும் கொசுவலை வேண்டும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது.

விளையாட்டு இடத்தை இந்த அறையில் வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. நான்கு வயதுப் பிள்ளை மாடியில் தனியாக உட்கார்ந்து விளையாட மாட்டான். பெரியவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வருவான். கீழே ஹாலில், சமையலறையிலிருந்து பார்வை படும் ஒரு மூலையில் ஆறடிக்கு ஆறடி ஒதுக்குங்கள். வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால் அவர்கள் நாற்காலி அருகில் இருக்கட்டும். இரண்டரை அடி உயரத்துக்கு மிகாத திறந்த அலமாரி, கீழே ஜமக்காளம், அது டைல்ஸில் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை. எல்லாப் பொம்மைகளையும் பரப்பாமல் ஏழெட்டை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் பரணில் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழையதையே புதிதாகக் கண்டு விளையாடுவார்கள். புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

ஹாலில் தொட்டில் கொக்கி இருந்தால் அதில் ஊஞ்சல் கட்டும் ஆசை வரும். தளம் போடும்போதே கம்பியோடு கட்டிய கொக்கி என்றால், துரு இல்லையா என்று ஒரு கொத்தனாரைப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கட்டலாம். பின்னால் துளையிட்டு அடித்த கொக்கியை நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் ஐந்தடி காலியாக இருக்க வேண்டும்.

மாடிப்படிக் கைப்பிடியின் கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை அடியுங்கள், படியின் மேல்முனையில் கதவு வையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் கட்டிலை ஒரு மாதம் தள்ளிப்போட்டாவது அதை முதலில் மாட்டுங்கள்.

மகளுக்குப் படிப்பு மேசை வடக்கு ஜன்னலோரம் இருக்கட்டும், அங்கே நேர் வெயில் குறைவு. நாலேகால் அடி உயரப் பிள்ளைக்கு நாற்காலி 35 செ.மீ., மேசை 60 செ.மீ. அளவு பொருந்தும், 75 செ.மீ. பெரியவர்கள் மேசையில் அவள் தோளைத் தூக்கிக்கொண்டுதான் எழுதுவாள். கால்களை நட்டு போல்ட்டில் உயர்த்தும்படி செய்தால் பத்தாம் வகுப்பு வரை வரும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் கேளுங்கள், பார்ட்டிகிள் போர்டு ஈரம் பட்டால் ஊதிவிடும்.

வேலையை மே முதல் வாரத்தில் தளத்திலிருந்து தொடங்கி, பிறகு வயரிங், பிறகு பெயிண்ட், கடைசியாக மரவேலை என்று வரிசைப்படுத்துங்கள். பெயிண்ட் முடிந்து இரண்டு வாரமாவது ஜன்னல்களைத் திறந்து போட்ட பின் பிள்ளைகளைப் படுக்கவிடுங்கள். திட்டமிட்ட தொகையில் மிச்சமாவதைச் செலவழித்துவிட வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மகளுக்குத் தனி மறைவு தேவைப்படும். அதற்காக இப்போதே அறையின் குறுக்கே தளத்தில் திரைக்கம்பி மாட்ட நான்கு துளை போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள், மின்விசிறி சுற்றும் வட்டத்தைத் தவிர்த்து.