பல் தேய்த்த பிறகும் வாய் நாற்றமா?

கேள்வி: தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். ஆனாலும் ஒரு மணி நேரத்தில் வாய் நாறுகிறது. மவுத்வாஷாலும் பலனில்லை. வயிற்றுக் கோளாறுதான் காரணம் என்கிறார்கள், உண்மையா?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு நாற்றம் வயிற்றிலிருந்து வருவதில்லை, வாயிலேயே உண்டாகிறது. நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்கிலும் தங்கும் உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள் ஆகியவற்றின் புரதத்தைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அப்போது வெளியாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்கள்தான் அந்த அழுகிய முட்டை வாடை. மவுத்வாஷின் மணம் அதைச் சிறிது நேரம் மறைக்கும், அவ்வளவுதான். படிவு அப்படியே இருக்கும்.

எந்த இடம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு ஸ்பூனைக் கவிழ்த்து நாக்கின் பின்பக்கத்தை மெல்ல வழியுங்கள். அதில் ஒட்டி வரும் வெண்மஞ்சள் படிவை முகர்ந்து பாருங்கள். அடுத்து, கடைவாய்ப் பல் இடுக்கில் விட்டு எடுத்த ஃபிளாஸ் நூலையும் முகருங்கள். எது நாறுகிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது.

நாக்கு என்றால், வழிப்பானை முடிந்தவரை பின்னால் வைத்து, அழுத்தாமல் முன்னோக்கி இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அதைக் கழுவி, நான்கைந்து முறை செய்தால் போதும். குமட்டினால் நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை வெளியே விட்டபடி வழியுங்கள். எரிச்சலோ ரத்தமோ வந்தால் அழுத்தம் அதிகம். பலரும் முன்பாதியை மட்டும் பளிச்சென்று வழித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். படிவு அதிகம் சேர்வது பின்பாதியில்தான்.

கேள்வி: ஃபிளாஸ் செய்தால் ஈறில் ரத்தம் வருகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பல்லோரத்துப் படிவால் வீங்கிய ஈறுதான் தொட்டதும் கசியும். தினமும் சுத்தம் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். ஆனால் நூலைப் படக்கென்று உள்ளே அழுத்தினால் நல்ல ஈறும் வெட்டுப்படும். சுமார் 45 செ.மீ. நூலை எடுத்து இரு நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் அசைத்து மெல்ல இறக்குங்கள். இறங்கியதும் நூலைப் பல்லின் பக்கவாட்டில் வளைத்து அணைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழிருந்து மேலும் கீழுமாக இழுங்கள். பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லின் பக்கம். இடைவெளி பெரிதாக இருந்தால் நூலைவிட இடுக்குப் பிரஷ் நன்றாகச் சுத்தம் செய்யும்.

இரண்டு வாரம் கடந்தும் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். இறுகிய காறையை வீட்டுப் பிரஷால் எடுக்க முடியாது.

கேள்வி: பேஸ்ட் எவ்வளவு வைக்க வேண்டும்? தேய்த்த பிறகு எத்தனை முறை கொப்பளிப்பது?

பதில்: பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு போதும். பேஸ்டில் பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேய்க்க வேண்டும். நுரையைத் துப்புங்கள், தண்ணீரால் கொப்பளிக்காதீர்கள். கொப்பளித்தால் பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். மவுத்வாஷையும் இதே காரணத்துக்காக வேறொரு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பான பழச்சாறோ குளிர்பானமோ குடித்திருந்தால் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத் தேய்ப்பது நல்லது. அமிலம் பட்டதும் பல்லின் மேற்பூச்சான எனாமல் சற்று இளகியிருக்கும்.

கேள்வி: காலையில் மட்டும் வாய் நாறுகிறது. இது நோயா?

பதில்: இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் வருவது. பல் தேய்த்து, தண்ணீர் குடித்தால் போய்விடும். பகலிலும் வாய் வறண்டே இருந்தால் கவனியுங்கள். ஒவ்வாமை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் உமிழ்நீரைக் குறைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.