சக்கரம் காரில் நின்றால்: தொலைக்காட்சிப் பரிசும் வரிக் கணக்கும்

கேள்வி: எங்கள் ஊர் பள்ளத்தூர். பிரபல நகைச்சுவை நடிகர் ஒருவர் நடத்தவிருக்கும் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிக்கு நான் தேர்வாகியிருக்கிறேன். சூதாட்ட விடுதிகளில் இருப்பதைப் போன்ற பெரிய சக்கரம், வண்ண வில்லைகள், மூடிய பெட்டிகள் என்று அரங்கம் அமைத்திருக்கிறார்கள். ரொக்கம், தங்கக்காசு, கார் ஆகியவை பரிசு. கார் விழுந்தால் அதற்கான வரியை நான் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இது முறைதானா? சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, பரிசுக்கு ஏது வரி என்கிறார்கள். அப்பச்சியோ இது சூதாட்டம் ஆகிவிடாதா என்று தயங்குகிறார்கள். எனக்கு வேறு வருமானம் எதுவும் இல்லை. கையெழுத்திடலாமா?

பதில்: கையெழுத்திடலாம். ஆனால் அதற்கு முன்னால் கார் பரிசைப் பற்றிய பகுதியை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அறிவிக்கப்படும் தொகைக்கும் கைக்கு வந்து சேரும் தொகைக்கும் இடையே உள்ள தூரம் ரொக்கத்தில் ஒரு மாதிரியும் பொருளில் வேறு மாதிரியும் இருக்கும். பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பரிசு வென்ற பிறகுதான் அறிகிறார்கள்.

தங்கள் சித்தப்பா சொல்வது அவர் வாழும் நாட்டுக்குச் சரி. சிங்கப்பூரில் லாட்டரி போன்ற அதிர்ஷ்டப் பரிசுகளுக்கு வருமான வரி கிடையாது. இந்தியச் சட்டம் அப்படியல்ல. 2000ஆம் ஆண்டு ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்திய ‘கௌன் பனேகா குரோர்பதி’ தொடங்கி நாடே அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டே, 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம், தொலைக்காட்சியில் பரிசுக்காகப் போட்டியிடும் விளையாட்டு நிகழ்ச்சிகளும் வருமான வரிச் சட்டத்தின் ‘விளையாட்டு’ என்னும் சொல்லுக்குள் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதிச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே கேள்விக்கு விடை சொல்லி வென்றாலும், சக்கரத்தைச் சுற்றி வென்றாலும், நடிகரின் நகைச்சுவைக்கு ஈடுகொடுத்து ஆடி வென்றாலும் வரி ஒன்றுதான்: பரிசின் மதிப்பில் 30 விழுக்காடு, அந்த வரியின் மீது 4 விழுக்காடு மேல்வரி (செஸ்), ஆக மொத்தம் 31.2 விழுக்காடு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 194பி, 115பிபி என்று பழகிப்போன பிரிவுகள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் வேறு எண்களைப் பெற்றிருக்கின்றன. அவ்வளவுதான், பரிசுக்கான விகிதம் மாறவில்லை.

வேறு வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் வரியைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று யாரேனும் சொல்லியிருந்தால், அதை நம்ப வேண்டாம். சம்பளக்காரர்களுக்குச் சொல்லப்படும் ‘ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை’ என்ற சலுகை, இத்தகைய தனி விகித வருமானத்துக்குப் பொருந்தாது. அடிப்படை விலக்கு வரம்பும் பொருந்தாது. ஆயுள் காப்பீட்டுத் தவணை, சேமிப்புத் திட்டம் முதலியவற்றைக் காட்டிக் குறைக்கவும் இயலாது. செலவுக் கழிவும் கிடையாது. காரைக்குடியில் பல்லவன் விரைவு வண்டி ஏறிச் சென்னைக்குப் போய்வந்த கட்டணம், அங்கே தங்கிய செலவு, படப்பிடிப்புக்கென்று வாங்கிய கண்டாங்கிச் சேலையின் விலை ஆகிய எதுவும் கணக்கில் கழியாது. ரிட்டர்ன் தாக்கல் செய்து முழுத் தொகையையும் மீட்டுத் தருகிறேன் என்று கூறும் இடைத்தரகர்கள், பரிசை வேறு வகை வருமானமாகக் காட்டித்தான் அதைச் செய்ய முனைகிறார்கள். பின்னால் அறிவிப்பு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இனி காருக்கு வருவோம். ரொக்கப் பரிசு என்றால் நிறுவனமே 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும். 2025 ஏப்ரல் முதல் ஒரே பரிசு 10,000 ரூபாயைத் தாண்டும்போது இந்தப் பிடித்தம் நிகழ்கிறது. காரிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி வரியாகப் பிடித்துக்கொள்ள முடியாதல்லவா? அதனால்தான், பரிசு முழுவதும் பொருளாக இருந்தாலோ, உடன் கிடைக்கும் ரொக்கம் வரிக்குப் போதாமல் இருந்தாலோ, வரி கட்டப்பட்டது உறுதியான பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் நிறுவனத்துக்குக் கட்டளையிடுகிறது. ஆகவே தங்கள் ஒப்பந்தத்தில் உள்ள வாசகம் முறையானதே. 8 லட்சம் மதிப்புள்ள காரும் 2 லட்சம் ரொக்கமும் விழுந்தால், மொத்தம் 10 லட்சத்துக்கு வரி 3 லட்சம். ரொக்கம் முழுவதும் அதற்கே போய்விடும்; மேற்கொண்டு ஒரு லட்சத்தை நீங்கள் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். மேல்வரியான 12,000 ரூபாயை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது தனியே கட்ட வேண்டும்.

இந்த நிகழ்ச்சிகளில் வழக்கமாக வரும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரே 8 லட்சம் ரூபாய்க் கார் நிற்கிறது. நடத்துபவர் சிரித்துக்கொண்டே ஓர் உறையை நீட்டி, ‘இதில் 6 லட்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கிறார். பார்வையாளர்கள் ‘கார், கார்’ என்று கூவுகிறார்கள். 6 லட்சத்துக்கு வரியும் மேல்வரியும் சேர்ந்து 1,87,200 ரூபாய். கையில் நிற்பது 4,12,800. காருக்கு வரியும் மேல்வரியும் 2,49,600 ரூபாய். அது தங்கள் வீட்டுப் பணத்திலிருந்து போக வேண்டும். கார் தேவையில்லை என்று விற்கப் போனால், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியானாலும் பதிவான மறுநாளே அது பழைய வண்டிதான். 6.5 லட்சத்துக்கு விலைபோவதாக வைத்துக்கொண்டாலும் வரி போக மிஞ்சுவது 4,00,400. வாழ்நாள் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் காப்பீடும் தங்கள் தலையில் விழுந்தால் அது இன்னும் இறங்கிவிடும். ஆகவே வீட்டுக்குக் கார் உண்மையிலேயே வேண்டும் என்றால் கார். இல்லையென்றால் 6 லட்ச உறையே மேல். விற்பதற்காகப் பெறும் காருக்கு நான் போடும் கணக்கு எளிது: அதன் விலையில் முக்கால் பங்குக்குக் குறையாத ரொக்கம் நீட்டப்பட்டால் யோசிக்காமல் ரொக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முடிவை அரங்கில் எடுக்கக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்வேன். நகைச்சுவை நடிகர் நடத்தும் நிகழ்ச்சியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கேலியும் சீண்டலும் அந்த ஆட்டத்தின் உயிர். ‘செட்டிநாட்டுக்காரர் பணத்தை விட்டுவிடுவாரா?’ என்ற ஒரு கிண்டல் போதும். மானத்தை முன்னிட்டுத் துணிந்து ஆடிவிடத் தோன்றும். நடிகர் தம் தொழிலைச் செம்மையாகச் செய்கிறார், அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் எந்தத் தொகைக்கு மேல் நிறுத்திக்கொள்வது என்பதையும், வரிக்கென்று எவ்வளவு பணம் புரட்ட முடியும் என்பதையும் அப்பச்சியோடும் ஆத்தாவோடும் கலந்து, ஊரிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சக்கரத்தின் ஓட்டத்தைக் கணித்து வெல்லக் கற்றுத்தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களும் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். அப்படிக் கணித்து வென்றவர் ஒருவர் உண்டு என்பது உண்மையே. 1984இல் அமெரிக்காவின் ‘பிரஸ் யுவர் லக்’ நிகழ்ச்சியில் மைக்கேல் லார்சன் என்பவர், பரிசுப் பலகையில் ஓடும் விளக்கு ஐந்தே ஐந்து ஒழுங்குகளில் திரும்பத் திரும்ப ஓடுவதை வீட்டில் பதிவுசெய்து பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போய், 1,10,237 டாலர் வென்றார். அந்த ஓட்டை அதன் பிறகு அடைக்கப்பட்டுவிட்டது. கையால் சுற்றும் கனமான சக்கரத்தில் அந்த வித்தை செல்லவும் செல்லாது. பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது பரிசுப் பட்டியலைத்தான். நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஆச்சிமார்கள் வெள்ளிக் குத்துவிளக்கு முதல் எவர்சில்வர் கரண்டி வரை ஒவ்வொரு சாமானையும் எழுதி வாங்குவதைப் போல, இங்கும் ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘கார்’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த நிறுவனத்தின் எந்த வகை, காட்சியகத்தில் அதன் விலை எவ்வளவு, பதிவும் சாலை வரியும் காப்பீடும் யார் பொறுப்பு என்பவை வேண்டும். ‘தங்கக்காசு’ என்றால் எத்தனை கிராம், எத்தனை கேரட் என்பது வேண்டும். வரி கணக்கிடப்படும் மதிப்பு எது என்பதையும் கேளுங்கள். நிறுவனத்துக்கு விளம்பரதாரர் இலவசமாகக் கொடுத்த காராக இருந்தாலும், தங்களுக்கு அதன் சந்தை மதிப்பே வரிக்கு அடிப்படை. வரியை நிறுவனமே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் நல்லதுதான். அதையும் வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்குங்கள், ஏனெனில் தங்களுக்காக நிறுவனம் கட்டும் அந்த வரித்தொகையும் பரிசின் பகுதியாகக் கணக்கில் ஏற்றப்படலாம்.

அடுத்து, பரிசு எப்போது கைக்கு வரும் என்ற விதி. படப்பிடிப்பு முடிந்ததும் அல்ல, அந்தப் பகுதி ஒளிபரப்பான பிறகு இத்தனை நாட்களுக்குள் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். ஒளிபரப்பே ஆகாவிட்டால் பரிசு உண்டா இல்லையா என்பது அந்த வாசகத்திலேயே தெரிந்துவிடும். ‘இல்லை’ என்று இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறுக்கவும் கூடும். தங்கள் படத்தையும் பேச்சையும் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிக்கொள்ளும் உரிமையை நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கும். நகைச்சுவை நிகழ்ச்சியில் இது வெறும் சம்பிரதாயமான வரி அன்று. சேற்றில் விழுவது, முகத்தில் மாவு பூசுவது போன்ற ‘தண்டனை’கள் உண்டா, உடம்புக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பவற்றையும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சச்சரவு வந்தால் எந்த ஊரில் தீர்ப்பது என்ற விதி கடைசிப் பக்கத்தில் இருக்கும். மும்பையில் நடுவர் தீர்ப்பாயம் என்று இருந்தால், ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசுக்காகப் பள்ளத்தூரிலிருந்து அங்கே போய் வழக்காடுவது நடக்கிற காரியம் அன்று. நுகர்வோர் ஆணையத்தில், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆனால் கட்டணம் எதுவும் செலுத்தாமல் கலந்துகொண்டவர் நுகர்வோர் ஆவாரா என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதத்தைத் தொடங்கும். ஆதாரம் எவ்வளவு தேவை என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2007இல் ‘கௌன் பனேகா குரோர்பதி’யோடு நடத்தப்பட்ட குறுஞ்செய்திப் போட்டியைப் பற்றிய முறையீட்டில், தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த ஒரு கோடி ரூபாய் அபராதத்தை, போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் நீக்கிவிட்டது. ஒப்பந்தத்தின் இருதரப்பும் கையெழுத்திட்ட படியை அன்றே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சியின் ஐயத்துக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003இலேயே தடைசெய்யப்பட்டது. 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சூதாட்டத்துக்கு அடிப்படை, ஆடுபவர் தம் சொந்தப் பணத்தைப் பந்தயமாக வைப்பது. அரங்கில் தங்களுக்குக் கொடுக்கப்படும் வண்ண வில்லைகள் நிறுவனத்துடையவை. தோற்றாலும் தங்கள் வீட்டுக் காசு ஒன்றும் போகாது. ஆகவே அப்பச்சி நிம்மதியாக இருக்கலாம். அதே நிகழ்ச்சியின் பெயரில் ஒரு செயலியைத் தரவிறக்கி, அதில் பணம் போட்டு வீட்டிலிருந்தே சக்கரம் சுற்றச் சொன்னால் நிலைமை வேறு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பரிசு விழுந்திருக்கிறது, வரியை முதலில் கட்டுங்கள்’ என்பது மோசடிக்காரர்களின் வாடிக்கையான வாசகம். புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் பெயரில் 25 லட்சம் விழுந்ததாக வாட்ஸ்அப்பில் செய்தி வராத ஊர் இல்லை. கார் பரிசுக்கு உண்மையாகவே வரி முன்கூட்டிக் கேட்கப்படுவதால், தேர்வாகியிருக்கும் தங்களைப் போன்றவர்கள்தாம் எளிதில் ஏமாறுவார்கள். நிகழ்ச்சிக்குத் தேர்வான செய்தியை முகநூலில் போட்டிருந்தால், அந்தப் பெயரைச் சொல்லியே அழைப்பு வரலாம். உண்மையான நிறுவனம் படப்பிடிப்பு முடிந்து பரிசு உறுதியான பிறகே கேட்கும். பரிசின் மதிப்பையும் வரியையும் கணக்கிட்டுக் கடிதம் கொடுக்கும். பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் கட்டச் சொல்லும். அதைத் தன் வரிப்பிடித்தக் கணக்கு எண்ணின் கீழ் அரசுக்குச் செலுத்தி, இதுவரை படிவம் 16ஏ என்று வழங்கி வந்த சான்றிதழைத் தரும். தங்கள் பான் எண்ணின் கீழ் வருமான வரி இணையதளத்திலும் அந்தத் தொகை பதிவாகியிருக்கும். தனியாள் ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்பவரும், ஓ.டி.பி. கேட்பவரும், இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் பரிசு போய்விடும் என்று அவசரப்படுத்துபவரும் மோசடிக்காரர்களே. தெரியாமல் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு காத்திராமல் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கி நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

பரிசு கிடைத்த ஆண்டுக்குரிய ரிட்டர்னை, ஐ.டி.ஆர்.-1 என்னும் எளிய படிவத்தில் தாக்கல் செய்ய இயலாது. தங்களுக்குப் பொருந்துவது ஐ.டி.ஆர்.-2. காரைக்குடியில் தங்கள் குடும்பத்துக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் ஒப்பந்தப் படியையும் வரிப்பிடித்தச் சான்றிதழையும் கொடுத்து, மேல்வரியையும் கட்டித் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை இப்போதே அவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவது இன்னும் நல்லது.