பொலிவாருக்கு வாய்த்தது ஓயோவுக்கு ஏன் வாய்க்கவில்லை?

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா 2014-ல் துபாயிலிருந்து இரண்டு பெட்டி கியூபச் சுருட்டு வாங்கி வந்தார். ஒன்று பொலிவார், மற்றது ஓயோ தெ மான்டெர்ரே. பொலிவாரில் அன்றே ஒன்றைப் பற்றவைத்தவர், நெடி தாங்காமல் மூடிவிட்டார். இரண்டையும் ஈரப்பதப் பெட்டியில் ஒழுங்காகப் பராமரித்தார். போன தீபாவளிக்கு எடுத்தோம். பொலிவார் அத்தனை இதம். ஓயோ சப்பென்று இருந்தது. வயது ஒன்றுதானே, ஏன் இப்படி?

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பாவால் தாங்க முடியாமல் போனது அம்மோனியா. இலைகளைக் குவித்துப் பாடம் செய்யும்போது குவியல் சூடேறிப் புளிக்கும். இலையின் நைட்ரஜன் பொருட்கள் சிதைந்து அம்மோனியாவாக வெளியேறும். பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஆனால் சுற்றுவதற்காக இலையை மறுபடி ஈரமாக்குவார்கள். அந்த ஈரத்தில், பாதியில் நின்ற புளித்தல் திரும்பத் தொடங்கி, அம்மோனியா மறுபடி கிளம்பும். புதுச் சுருட்டு நெடியடிப்பது அதனால்தான்.

அது அடங்கிய பிறகு எல்லாம் நிதானம். கசப்பும் துவர்ப்பும் ஆண்டுக்கணக்கில் தேய, அடியில் கிடந்த இனிப்பும் மர வாசமும் மேலே வரும். கூடவே வாசனை எண்ணெய்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். வயது சுருட்டிலிருந்து எடுத்துக்கொண்டேதான் இருக்கும். எடுத்தது போக என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

பொலிவார் காரமான கலவை. அந்தக் காரம் லிகெரோ இலையிலிருந்து வருவது: செடியின் உச்சியில் நின்று வெயில் குடித்துத் தடித்த இலை. (ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'லேசானது' என்று பொருள். எனக்கு இன்றும் வியப்புதான்.) அதற்கு இழக்க நிறைய இருந்தது. ஓயோ மென்மையான கலவை. வாசனை ஒன்றே அதன் சொத்து. புளி பழசானால் உசத்தி என்பதற்காகக் கறிவேப்பிலையையும் பழசாக்குவோமா? பழசென்றாலே விலையை ஏற்றும் வியாபாரம் எனக்கு உவப்பானதல்ல.

வாங்கிய ஆண்டை வைத்து வயது கணக்கிட வேண்டாம். பெட்டியின் அடியில், தொழிற்சாலைக் குறியீட்டோடு, அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையிட்டிருக்கும். இன்னொன்று: இதமாகிவிட்டதால் உடம்புக்குக் கேடு குறைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். புகை அதே புகைதான்.

ஓயோவை இனியும் காக்கவைக்காதீர்கள். பொலிவார் இன்னும் சில ஆண்டு தாங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், வெப்பம் 20 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கோடையில் பெட்டி சூடேறினால் இலைக்குள் தங்கிய வண்டு முட்டைகள் பொரிந்துவிடும். மாதம் ஒருமுறை, மேலிலையில் ஊசித்துளை தெரிகிறதா என்று பாருங்கள்.

அன்புடன்.