ஒரு படத்துக்காக ஒரு நூலகமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இணையக் களஞ்சியங்களை அரசு முடக்குவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பல கடிதங்களில் வரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் (சுருக்கமாக ஆர்க்கைவ்), பழைய இணையப் பக்கங்களையும் நூல்களையும் சேர்த்து வைத்திருக்கும் இணைய நூலகம்.

நேற்று இரவு முதல் இன்டர்நெட் ஆர்க்கைவ் திறக்கவில்லை. அரசு மறுபடியும் தடை செய்துவிட்டது. எல்லோருக்கும் சொல்லுங்கள்!

சொல்ல மாட்டேன். எந்த நிறுவனத்தின் இணைப்பு, எந்த முகவரி, திரையில் என்ன வாசகம் வந்தது என்ற மூன்றில் ஒன்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. 2024 அக்டோபரில் அந்தத் தளம் பல நாள் முடங்கிக் கிடந்தது. அதற்குக் காரணம் இணையத் தாக்குதல். சுமார் 3 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்களும் திருடு போயின. அதில் எந்த அரசின் தடை உத்தரவுக்கும் பங்கில்லை. முதலில் வேறோர் இணைப்பில் திறந்து பாருங்கள். வீட்டு பிராட்பேண்டில் வராத தளம் கைபேசி டேட்டாவில் வந்தால் தடையைச் சந்தேகிக்கலாம். எங்குமே வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் தளத்திலேயே இருக்கும். திரையைப் படமெடுத்து, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எந்தச் சட்டப்படி முடக்குகிறார்கள்?

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69ஏ பிரிவுப்படி. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, நட்பு நாடுகளுடனான உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்த முடியும். பதிப்புரிமை அந்தப் பட்டியலில் இல்லை. படத் திருட்டுக்காக ஒரு தளம் முடக்கப்பட்டால் பொதுவாக அதன் பின்னால் ஒரு நீதிமன்ற உத்தரவு இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்கு எழுதாதீர்கள்.

2017-இல் ஆர்க்கைவ் முடக்கப்பட்டது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் என்கிறார்களே, உண்மையா? திருட்டுப் படம் இருந்தால் முடக்குவதில் என்ன தவறு?

உண்மைதான். இரண்டு இந்திப் படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கக் கேட்டு வந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த உத்தரவு பிறந்தது. பட்டியலில் ஏறக்குறைய 2,600 தளங்கள். பெயர் தெரியாத எதிராளிகளை 'அசோக் குமார்' என்று வைத்து வாங்கும் வகை உத்தரவு அது. அந்த நீண்ட பட்டியலுக்குள் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. அந்த நிறுவனத்துக்கு முன்கூட்டி ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அன்று நான் அந்தத் தளத்தில் ஒரு பழைய தமிழ் இதழின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கோணலாக வருடப்பட்ட பக்கம். ஓரத்தில் ஒரு நூலகத்தின் வட்ட முத்திரை, நடுவில் கரையான் அரித்த துளை, அந்தத் துளையில் அடுத்த பக்கத்தின் இரண்டு எழுத்துகள். அடுத்த பக்கத்தைத் தட்டினேன். 'உத்தரவுப்படி இந்த முகவரி முடக்கப்பட்டுள்ளது' என்று ஒற்றை வரி வந்தது. யார் உத்தரவு, எதற்காக, யாரிடம் முறையிடலாம் என்று ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தளத்தில் அன்றைக்கே சுமார் 30,000 கோடி இணையப் பக்கங்களின் பழைய பிரதிகள் இருந்தன. 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' திட்டத்தில் நம் அரசின் ஆதரவோடு வருடிய லட்சக்கணக்கான நூல்களும் அங்கே இருக்கின்றன. அத்தனையையும் இரண்டு படங்களுக்காகப் பூட்டினார்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். நமக்கு இணைய இணைப்பு தரும் சேவை நிறுவனத்தால் முடியாது. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருந்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டுமே அந்த நிறுவனத்துக்குத் தெரியும். உள்ளே எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆகவே 'இந்த ஒரு பக்கத்தைத் தடு' என்று உத்தரவு போனாலும் அங்கே மொத்தத் தளமும் அடைபடும். அந்த ஒரு கோப்பை மட்டும் எடுக்கக்கூடியவர்கள் களஞ்சியத்தை நடத்துபவர்கள்தான். அவர்களிடம் கேட்கவே நம் சட்டத்தில் வழி இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் 2013-இன் விதிகளும் சொல்வது இது: உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால், தளத்தார் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பைத் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். இதைவிடச் சீரான ஏற்பாடு எதற்கு? 2016-லேயே மும்பை உயர் நீதிமன்றம் ஒரு பட வழக்கில், தளங்களை மொத்தமாக முடக்க மறுத்து, இணைப்புகளைச் சரிபார்த்துப் பட்டியலிடச் சொன்னது. சரிபார்த்திருந்தால் ஆர்க்கைவ் அந்த 2,600-இல் வந்திருக்காது.

திருட்டுப் பிரதியை நான் ஆதரிக்கவில்லை. உழைத்தவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். கோப்பை எடுங்கள், களஞ்சியத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வாதம்.

இது ஒரு முறை நடந்த தவறுதானே?

இல்லை. 2014 டிசம்பரிலும் நடந்தது. பயங்கரவாதப் பிரசாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி 32 முகவரிகள் முடக்கப்பட்டன. ஆர்க்கைவ், காணொளித் தளங்களான விமியோ, டெய்லிமோஷன், எழுத்துக் குறிப்புகளைப் பகிரும் பேஸ்ட்பின் எல்லாம் அதில் அடக்கம்.

விக்கிப்பீடியா திறக்கிறது, படங்கள் மட்டும் வருவதில்லை. ஏன்?

படங்களில் பெரும்பகுதி விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தைச் சேர்ந்தவை. அவை தனி முகவரியிலிருந்து வருகின்றன. அந்த முகவரி மட்டும் தடைபட்டால் எல்லா மொழிக் கட்டுரைகளிலும் படங்கள் காணாமல் போகும். வேறோர் இணைப்பில் பார்த்தீர்களா? முதல் பதிலைப் படியுங்கள்.

தடைக்கான காரணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியுமா?

கேளுங்கள், ஆனால் எளிதில் கிடைக்காது. 69ஏ பிரிவுக்காக வந்த 2009-இன் முடக்க விதிகளில் 16ஆம் விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆனால் 69ஏ பிரிவு செல்லும் என்று 2015 மார்ச்சில் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உத்தரவில் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞரிடம் போகும்போது அந்த வரியோடு போங்கள். திரைப்படத்தையும் தேதியையும் கையில் வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். கைபேசித் திரையைப் பிடித்த படத்தைச் சொல்கிறேன்.

வேறு நாடுகளில் முடக்கத்தை எதிர்த்து ஜெயித்திருக்கிறார்களா?

துருக்கியில் ஜெயித்தார்கள். 2017 ஏப்ரலில் முடக்கப்பட்ட விக்கிப்பீடியா, அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2020 ஜனவரியில் திறந்தது. ஏறக்குறைய 3 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பள்ளியில் படித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

விபிஎன் பயன்படுத்தினால் குற்றமா?

விபிஎன் என்பது உங்கள் இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை. இந்தியாவில் அதைப் பயன்படுத்துவதே குற்றம் என்று பொதுவான சட்டம் இல்லை. சில மாவட்டங்களில் அவ்வப்போது தடை உத்தரவு போடுகிறார்கள். உங்கள் ஊர் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச விபிஎன் எதையும் நம்பாதீர்கள்.

தாத்தா நடத்திய சிற்றிதழை முழுவதும் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டேன். கணினியில் இடம் போதாததால் கோப்புகளை அழித்துவிட்டேன். மூல இதழ்களும் மழையில் போய்விட்டன. தளம் முடக்கப்பட்டால் என்ன செய்வது?

படித்ததும் பதறிப்போனேன். எத்தனை முறை எழுதியிருக்கிறேன்: களஞ்சியத்தில் ஏற்றுவது பிறருக்காக, உங்களுக்கு உங்கள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். முடக்கம் வந்த பிறகு வழி தேடுவதில் பயனில்லை. இன்று தளம் திறந்திருக்கிறது. இன்றே அத்தனை இதழ்களையும் இறக்குங்கள். சிறிய பிடிஎஃப் போதாது, மூலப் படக் கோப்புகளையும் எடுங்கள். இரண்டு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். முடித்துவிட்டு, மொத்தம் எத்தனை இதழ்கள் இருந்தன என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.