பாடப்பிரிவையே ரத்து செய்துவிட்டார்கள், கட்டிய பணம் என்னாகும்?

கேள்வி: வணக்கம் சார். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் கிடைத்தது. முதல் வருடக் கட்டணம் 90,000, காப்புத்தொகை 10,000, ஹாஸ்டலுக்கு 65,000 எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். வகுப்பு தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அட்மிஷன் ஆபீஸில் இருந்து போன். சேர்ந்தவர்கள் குறைவு, இந்த வருடம் அந்தக் கோர்ஸ் நடக்காது, பி.சி.ஏ.வுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றால், "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம், 5,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களாம். மதிப்பெண் சான்றிதழ், டி.சி. எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. எதற்கு அலைய வேண்டும், பி.சி.ஏ.வையே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் கணவர். மகள் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?
– தஞ்சாவூரில் இருந்து ஓர் அம்மா

பதில்: அம்மா, முதல் வேலையாக ஒன்று, அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். மகளையும் கையெழுத்துப் போட விடாதீர்கள். உங்கள் பணம் முழுசாக வருமா, பிடித்தம் போக வருமா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

காரணம் சொல்கிறேன். மாணவர் தானாக விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணம், 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம், கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் என்றால் 80, அதற்கு மேல் 30 நாள் வரை 50, அதையும் தாண்டினால் ஒன்றும் கிடையாது. முழுக் கட்டணம் தரும்போதும் அலுவலகச் செலவுக்கென்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். உங்களிடம் சொன்ன 5,000 அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் மாணவர் விலகும்போது பொருந்துவது. உங்கள் மகள் எங்கே விலகினாள்? படிக்கத் தயாராகப் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தாள், நடத்த முடியாது என்று சொன்னது அவர்கள். நடக்காத கோர்ஸுக்கு விண்ணப்பச் செலவு, அலுவலகச் செலவு என்று ஒரு ரூபாய் பிடிப்பதிலும் நியாயம் இல்லை.

இதை அவர்களும் அறிவார்கள், அதனால்தான் அந்தக் கடிதம் கேட்கிறார்கள். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற 17 வயதுப் பிள்ளையை, நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதச் சொல்வது எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். "இது எங்க ஃபார்மட்டும்மா, எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்று கவுண்டரில் இருப்பவர் அன்பாகத்தான் சொல்வார், அவரிடம் சண்டை போட வேண்டாம். ஃபார்மை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

போனில் சொன்னதை எழுத்தில் கொண்டுவருவதுதான் அடுத்த வேலை. அவர்களாக எழுதித் தரும்வரை காத்திருந்தால் மாதம் ஓடிவிடும், நீங்களே இன்று ராத்திரி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிவாளருக்கு அனுப்பி, அட்மிஷன் ஆபீஸுக்கு நகல் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், நீளமாக வேண்டாம். இந்த மாதிரி: "இன்ன தேதியில், இன்ன எண்ணில் இருந்து பேசிய உங்கள் அலுவலர், பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ் இந்த ஆண்டு நடத்தப்படாது என்று தெரிவித்தார். என் மகள் விலகவில்லை. பல்கலைக்கழகம் பாடப்பிரிவை ரத்து செய்ததால், கட்டிய 1,65,000 ரூபாயையும் பிடித்தம் இல்லாமல், பணம் வந்த அதே வங்கிக் கணக்குக்கு 15 நாளுக்குள் திருப்பி அனுப்பவும். அசல் சான்றிதழ்களை உடனே ஒப்படைக்கவும். மேலே சொன்னதில் தவறு இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும்." பணம் கட்டிய ரசீதுகள், சேர்க்கைக் கடிதம் இரண்டையும் இணையுங்கள். அவர்கள் பதிலே போடாவிட்டாலும் இந்த மின்னஞ்சல் பின்னால் எல்லா இடத்திலும் பேசும். 15 நாள் என்பது நானாகச் சொல்வது இல்லை, எழுத்துபூர்வ விண்ணப்பம் வந்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது. காப்புத்தொகையை எந்த நிலையிலும் முழுசாகத் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஹாஸ்டல் தனிக் கணக்கு, தனி டிரஸ்ட் என்று இழுப்பார்கள், கோர்ஸ் இல்லாமல் ஹாஸ்டல் எதற்கு என்று கேட்டு அதையும் இதே மின்னஞ்சலில் சேருங்கள்.

பணத்தைவிட அவசரம் சான்றிதழ்கள். பணம் ஒரு மாதம் கழித்து வந்தாலும் சமாளிக்கலாம், டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் கையில் இல்லாமல் வேறு கல்லூரி வாசலில் நின்றால் கிடைக்கிற இடமும் போய்விடும். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், நகல்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது யு.ஜி.சி. விதி. பணத் தகராறு தீரும்வரை தரமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. நேரில் போய் வாங்குங்கள். வகுப்பே தொடங்காததால் பள்ளிக்கூடம் கொடுத்த அதே டி.சி.யைத் திருப்பிக் கேளுங்கள். "இடையில் நின்றவர்" என்று எழுதிப் புது டி.சி. கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம், மகளின் பெயரை யூ.எம்.ஐ.எஸ்., அதாவது கல்லூரி மாணவர்களுக்கான தமிழக அரசின் இணையப் பதிவில் ஏற்றியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் இல்லையா, பெயர் பழைய இடத்திலேயே கிடந்தால் அதில் சிக்கல் வரும்.

இனி பி.சி.ஏ. பற்றி. உங்கள் கணவர் சொல்வதைத் தப்பு என்று சொல்லமாட்டேன், அது நல்ல படிப்புதான். ஆனால் அது உங்கள் மகள் தேர்ந்தெடுத்தது இல்லை. டேட்டா சயின்ஸில் அவளை இழுத்தது கணக்கும் புள்ளியியலுமா, கம்ப்யூட்டரா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர்தான் என்றால் பி.சி.ஏ. பொருந்தும். கணக்கு என்றால் வேறு கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலோ கணிதமோ அவளுக்கு நல்ல வழி, பின்னால் எம்.எஸ்சி.யில் டேட்டா சயின்ஸ் பக்கம் போய்க்கொள்ளலாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வுகள் முடிந்த பிறகும் காலி இடங்கள் இருப்பது உண்டு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் விசாரியுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி மூன்று ஊரிலும் போன் போட்டுக் கேட்க ஒரு நாள் போதும். மாறுவதாக முடிவு செய்தால், பி.சி.ஏ. கட்டணம் குறைவு என்றால் மிச்சத்தைத் தருவார்களா, அந்தப் பிரிவு இந்த வருடம் நிச்சயம் நடக்குமா, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு மாறுங்கள். முடிவெடுக்க ஒரு வாரம் கேளுங்கள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்பது அவர்கள் வசதிக்கு.

சரி, 15 நாள் ஆகியும் பணம் வரவில்லை என்றால்? 2023-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒரு குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். சேர்ந்து படிப்பவர்கள் மட்டுமில்லை, சேர விண்ணப்பித்தவர்களும் புகார் கொடுக்கலாம். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அது திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு 30 நாள். கூடவே யு.ஜி.சி.யின் இ-சமாதான் என்ற இணையப் புகார் தளத்திலும் பதிவு செய்துவிடுங்கள், அந்தப் புகார் எண்ணைப் போட்டு இன்னொரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நிறைய இடங்களில் இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். இங்கே உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கல்வி விற்பனைப் பொருள் இல்லை, மாணவர் நுகர்வோர் இல்லை என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2010-ல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் எடுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 ஜனவரியில், சேர்க்கைக்கு முந்தைய விஷயங்கள் உட்பட, கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. கோச்சிங் சென்டர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. எனக்கு இந்த நிலையில் உடன்பாடு இல்லை, பணம் வாங்கும்போது விளம்பரம், தள்ளுபடி என்று கடை மாதிரி நடந்துகொள்கிற நிறுவனம், திருப்பித் தரும்போது மட்டும் கல்விக்கோயில் ஆகிவிடுவது சரியில்லை. ஆனாலும் இன்றைய நிலைமையில் அந்த வழியை முதலில் பிடித்து வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்லமாட்டேன். அதற்குப் பதில், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அங்கிருந்து ஒரு வக்கீல் நோட்டீஸ் போகட்டும். கோர்ஸை ரத்து செய்தது ஒப்பந்தத்தை மீறிய விஷயம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவில் நஷ்டஈடும் கேட்கலாம்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அவளுக்கு இடம் கிடைக்காமல் போகவில்லை. அவள் மார்க்கும் அப்படியே இருக்கிறது, வருடமும் இன்னும் போகவில்லை.

கேள்வி: இதே மாதிரி மகனின் கோர்ஸும் ரத்து. ஆனால் முதல் வருடக் கட்டணம் கல்விக்கடனில் வங்கியே நேரடியாகக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டது. வேறு கல்லூரியில் சேர்த்தால் அதே கடன் தொடருமா?
– கோவை வாசகர்

பதில்: தானாகத் தொடராது. உங்கள் கடன் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள், கல்லூரி பெயரும் படிப்பும் போட்டுத்தான் இருக்கும். புதுக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் இரண்டையும் கொடுத்து மாற்றி அனுமதி வாங்க வேண்டும், சில கிளைகளில் புதிதாகவே விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அதனால் கோர்ஸ் ரத்து என்று தெரிந்த அன்றே கிளை மேலாளருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். அடுத்த தவணை போகாமல் நிற்கும், நீங்கள் மறைத்தீர்கள் என்ற பேச்சும் வராது.

கல்லூரி திருப்பித் தரும் பணம் கடன் கணக்குக்குத்தான் போக வேண்டும், அதைக் கல்லூரிக்கும் எழுதுங்கள். உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டால் அப்படியே கடனில் கட்டிவிடுங்கள், புதுக் கல்லூரிக்கு அதை எடுத்துச் செலவழித்தால் வங்கிக் கணக்கில் பழைய கடன் அப்படியே நிற்கும். பணம் கல்லூரிக்குப் போன நாளில் இருந்து வட்டி ஓடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம், கல்லூரி தாமதித்த நாட்களின் வட்டியை அவர்களிடமே கேளுங்கள். வங்கி தரும் வட்டிக் கணக்கை இணைத்தால் மறுப்பது கஷ்டம்.

கேள்வி: இங்கிலாந்தில் எம்.எஸ்சி.க்கு முன்பணம் கட்டி, சி.ஏ.எஸ். எண்ணும் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி) வந்தது. விசா கட்டணமும் மருத்துவ சர்சார்ஜும் (அங்குள்ள அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) ஆன்லைனில் கட்டிவிட்டேன், அடுத்த வாரம் விரல்ரேகை கொடுக்க வேண்டும். நேற்று பல்கலைக்கழகம் அந்தக் கோர்ஸை ரத்து செய்துவிட்டதாக மின்னஞ்சல். "விசா வாங்கிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார் ஏஜென்ட்.
– மதுரை வாசகர்

பதில்: விரல்ரேகை கொடுக்கப் போகாதீர்கள். அதற்கு முன்பே விசா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் விசா கட்டணம் திரும்பி வரும், கொடுத்துவிட்டால் வராது. மருத்துவ சர்சார்ஜ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாலும், நிராகரிக்கப்பட்டாலும் வந்துவிடும். மாணவர்களுக்கு அது வருடத்துக்கு 776 பவுண்டு, விசா காலம் படிப்பைவிடச் சில மாதம் நீளும் என்பதால் ஒரு வருட முதுகலைக்கு ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு கட்டியிருப்பீர்கள். விசா கிடைத்து நீங்கள் போகாமல் இருந்தால்தான் அந்தப் பணம் போகும். ஏஜென்ட் சொல்கிற வழியில் இரண்டு விதமாகவும் மாட்டுவீர்கள். சி.ஏ.எஸ். என்பது ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு கோர்ஸுக்கானது, அதை அவர்கள் ரத்து செய்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், அந்த நிராகரிப்பைப் பின்னால் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சொல்ல வேண்டி வரும்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதும்போது நீங்களும் "விலகுகிறேன்" என்ற வார்த்தையைப் போடாதீர்கள், அங்கேயும் விலகியவருக்கு ஒரு விதி, ரத்தானவருக்கு வேறு விதி. இங்கிலாந்தில் மாணவர் நுகர்வோர்தான். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வோம், எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிற மாதிரியான நிபந்தனை நியாயமற்றதாகக் கருதப்படலாம் என்று அங்குள்ள போட்டி மற்றும் சந்தை ஆணையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. முன்பணம் முழுசும் கேளுங்கள், காசநோய்ப் பரிசோதனைச் செலவு, எடுத்துவிட்ட விமான டிக்கெட் எல்லாவற்றையும் ரசீதோடு கேளுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் வேறு கோர்ஸ் தந்தால் புது சி.ஏ.எஸ். வந்த பிறகுதான் விசா. அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கிறோம் என்றால், கோர்ஸ் நடக்கும், கட்டணம் ஏறாது என்று எழுத்தில் தராதவரை பணத்தை அங்கே விட்டுவைக்காதீர்கள்.

ஏஜென்டுக்குத் தனியாகச் சேவைக் கட்டணம் கொடுத்திருந்தால் அதற்கு நுகர்வோர் ஆணையம் உண்டு, கல்வி நிறுவனத்துக்கு உள்ள விலக்கு அவருக்கு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் பதிவு செய்து பாருங்கள். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய "அங்க போய் மாத்திக்கலாம்" செய்தியை அழிக்க வேண்டாம்.