மத்தளக்காரருக்குக் கணக்கு வகுப்பில் என்ன வேலை?

கேள்வி: திருகோணமலை நகரத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு பாடசாலையில் தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வகுப்பாசிரியரும் நான்தான். அடுத்த தவணையில் கொழும்பிலிருந்து ஒரு கலைஞர் குழு மூன்று நாள் வந்து எங்கள் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறதாம். நாடகம், ஓவியம், இசை எல்லாம் உண்டாம். கடைசி நாள் மண்டபத்தில் நிகழ்ச்சி. ஒழுங்கு செய்யும் பொறுப்பை அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கோ பாடத்திட்டம் ஏற்கெனவே பிந்திக் கிடக்கிறது. அழகியலுக்குத்தான் தனியாக ஆசிரியர்கள் இருக்கிறார்களே, பிறகு எதற்கு வெளியாட்கள்? போன வருஷமும் ஒரு குழு வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், வந்தவர்கள் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அன்று எழும்பி நின்று பாடினானாம். நான் அப்போது ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். என்ன செய்யட்டும் அக்கா?
கணித ஆசிரியை, திருகோணமலை

பதில்: அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் அந்தக் கொப்பி திருத்திய வரியில்தான் நின்றேன். பிள்ளை பாடிய நேரம் நீங்கள் அங்கே இல்லை. பாடவைத்தவர் அடுத்த நாள் பஸ் ஏறிவிட்டார். திங்கட்கிழமை அவன் திரும்ப உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, அவனுக்குள் ஒரு குரல் இருக்கிறது என்று தெரிந்த பெரியவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. போன வருஷம் வந்த குழுவில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை, உங்களிலும் இல்லை. ஒழுங்கு செய்த விதம்தான் பிழை. அதை இந்த முறை நீங்கள் மாற்றலாம், பொறுப்பு உங்கள் கையில் வந்திருக்கிறது.

நானும் இதே பிழையைச் செய்தவள். இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் தமிழும் நாடகமும் படிப்பித்த காலத்தில், ஒருமுறை ஒரு கூத்துக் குழுவை ஆசை ஆசையாக அழைத்து, முன்னூறு பிள்ளைகளை மண்டபத்தில் நிரப்பி, ஒலிபெருக்கியும் பூட்டி வைத்தேன். ஆடினவர்களுக்கு வியர்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினோம். அடுத்த நாள் வகுப்பில், “நேற்று என்ன பார்த்தீங்க?” என்று கேட்டேன். “உடுப்பு வடிவா இருந்தது டீச்சர்” என்றது ஒரு பிள்ளை. அதற்கு மேல் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பார்க்கத்தானே கூப்பிட்டேன், பார்த்தார்கள்.

பிறகு சில வருஷம் கழித்து வேறு மாதிரிச் செய்தோம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, அந்த வீதியின் மற்றப் பாலங்களும் வந்த பிறகு, மூதூர்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் பட்டணத்துக்கு வருவது லேசாகிவிட்டது. அங்கிருந்து கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரை அழைத்தோம். மண்டபத்துக்கு அல்ல, ஒரேயொரு தரம் 7 வகுப்புக்கு, கணிதப் பாடத்துக்கு. கணித சேர் உங்களைப் போலத்தான், சம்மதிக்க ஒரு மாதம் எடுத்தார். கடைசியில், “பொ.ம.சி. இந்த வகுப்புக்கு ஏறவே இல்லை, அதைச் செய்து காட்டினால் வரட்டும்” என்றார். பொது மடங்குகளுட் சிறியதைத்தான் சொன்னார். அண்ணாவியாருக்குப் பொ.ம.சி. என்றால் என்னவென்று தெரியாது. முதல் நாள் பின்னேரம் இருவரும் ஆசிரியர் அறையில் தேத்தண்ணியோடு இருந்து ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். ஒருவர் எண்களைச் சொல்ல, மற்றவர் மேசையில் தட்டிக் காட்டினார். அந்த ஒரு மணித்தியாலம்தான் எல்லாவற்றுக்கும் அத்திவாரம்.

அடுத்த நாள் மேசைகளை ஓரமாகத் தள்ளி, வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ‘தகிட’, மூன்று அடி. மறு பாதி ‘தகதிமி’, நான்கு அடி. அவரவர் முதலடியில் மட்டும் கைதட்டவேண்டும். அண்ணாவியார் மத்தளத்தில் காலத்தைப் பிடித்துக்கொடுத்தார். இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாகத் தட்டிக்கொண்டு போய், பன்னிரண்டு அடி முடிந்த அடுத்த அடியில் ஒரே சத்தமாக விழுந்தது. பிள்ளைகளுக்குப் புழுகம் தாங்கவில்லை.

சேர் கரும்பலகையில் 4, 6 என்று எழுதி, “இப்ப எத்தனை முடியச் சந்திப்பம்?” என்றார். முழு வகுப்பும், “இருபத்து நாலு!” ஒரு பாதிக்குத் ‘தகதிமி’, மறு பாதிக்குத் ‘தகதிமி தக’. தட்டத் தொடங்கினார்கள். பன்னிரண்டு முடியவே கைகள் சேர்ந்து விழுந்தன. எல்லாரும் நின்றுவிட்டார்கள். “பிழை சேர், ஆரோ மாறித் தட்டிட்டாங்க.” திரும்பவும் தட்டினார்கள். திரும்பவும் பன்னிரண்டு. மூன்றாம் தரம் ஒரு பிள்ளை மெல்லக் கையை உயர்த்தினாள். “இருபத்து நாலு முடியவும் சந்திப்பம்தான் சேர். ஆனா அதுக்கு முதலே பன்னிரண்டில சந்திச்சிட்டமே.”

அந்த ‘முதலே’ என்ற சொல்லில்தான் பொ.ம.சி. முழுக்க இருக்கிறது. இரண்டு எண்களைப் பெருக்கினால் ஒரு பொது மடங்கு வரும், மிகச் சிறியது வரவேண்டும் என்று கட்டாயமில்லை. இதைச் சேர் மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையால் கண்டுபிடித்தார்கள். அண்ணாவியார் சேரைப் பார்த்துக் கேட்டார்: “இதுக்கு நீங்க தனியா ஒரு பேர் வச்சிருக்கிறீங்களா? நாங்க சந்திப்பு எண்டுதான் சொல்லுவம்.” பிறகு அந்த வகுப்பில் பொ.ம.சி.க்கு அதுதான் பெயர்.

கவனித்தீர்களா, பாடம் பிந்தவில்லை. இரண்டு பாடவேளை, எண்பது நிமிடம் போனது. மூன்று கிழமை இழுபட்ட பாடம் முடிந்தது.

ஆகவே வருகிற குழுவுக்கு இப்போதே எழுதுங்கள். மண்டபத்தில் தரம் 7 முழுவதையும் ஒன்றாக இருத்த வேண்டாம், வகுப்பு வகுப்பாக வாருங்கள் என்று கேளுங்கள். அடுத்த தவணையில் நீங்கள் படிப்பிக்கவுள்ள அலகுகளில் பிள்ளைகள் வழமையாகத் தடக்குப்படுகிற இரண்டு மூன்றைத் தெரிந்து அவர்களுக்கு அனுப்புங்கள். கணிதம் மட்டுமென்று இல்லை, விஞ்ஞானம், வரலாறு, தமிழ் ஆசிரியர்களையும் கேளுங்கள். நடுவால் மடித்தால் இரண்டு பாதியும் பொருந்துகிற இருபுடைச் சமச்சீர் என்றால் கோலமும் முகமூடியும் வைத்திருக்கிற ஓவியருக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. மூன்று நாளில் முதல் நாள் காலை ஆசிரியர்களோடு இருந்து கதைப்பதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் நேரம் குறைகிறதே என்பார்கள். குறையட்டும், நல்லது. அவர்களில் யாருக்காவது தமிழ் வராவிட்டால் அதையிட்டுப் பயப்படவேண்டாம், சொல்லைச் சொல்லிக்கொடுக்கிற வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. இதில் நான் கொஞ்சமும் இளகமாட்டேன். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்பது ஒன்று. வெளியிலிருந்து வருகிறவர் எவ்வளவு நல்லவரானாலும் பிள்ளைகளைத் தனியே ஒப்படைத்துவிட்டுப் போகிற வழக்கம் எந்தப் பாடசாலையிலும் இருக்கக்கூடாது. மற்றது, யார் எப்போது கண் விரித்தார்கள், யார் ஒதுங்கினார்கள் என்று அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஓரமாகக் கதிரை போட்டு இருக்கவும் வேண்டாம், பிள்ளைகளோடு சேர்ந்து தட்டுங்கள். நீங்கள் பிழைவிட்டு அவர்கள் சிரித்தால் நல்லது, அன்றைக்குப் பிழைவிடப் பயந்த பிள்ளையும் வாய் திறக்கும்.

அழகியல் ஆசிரியர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. தரம் 6 முதல் 9 வரை ஒரு பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற நான்கில் ஒன்றைத்தான் எடுக்கிறது. சித்திரம் எடுத்த பிள்ளைக்கு நாடகம் கிட்டாது. சங்கீதம் எடுத்த பிள்ளை தூரிகை தொடாமலே போகலாம். இது ஒரு காரணம். இன்னொன்று, கலையைத் தொழிலாகக் கொண்டு வாழ்கிற ஒரு மனிதரைப் பிள்ளைகள் கிட்டத்தில் பார்ப்பதற்கே ஒரு பெறுமதி உண்டு. ஆனால் உங்கள் அழகியல் ஆசிரியரைக் கேட்காமல் இதில் ஓரடியும் வைக்காதீர்கள். அவர் மனம் நொந்தால் குழு போன பிறகு எல்லாம் அணைந்துவிடும். அவரையே முன்னுக்கு விடுங்கள்.

கொழும்புக் குழு மூன்று நாளில் போய்விடும். அதற்குப் பிறகுதான் என் கவலை. கலைஞர் ஒருதரம் வந்தால் விருந்தாளி, ஆறேழு தரம் வந்தால்தான் பிள்ளைகள் அவரோடு வேலை செய்யத் தொடங்குவார்கள். கொழும்பிலிருந்து கிழமைக்கொருதரம் யார் வருவார்? எனவே இங்கிருந்தே ஒருவரைத் தேடி அந்த மூன்று நாளும் அவர்களோடு சேர்த்துவிடுங்கள். அவர்கள் போனதும் கிழமைக்கொரு நாள், இரண்டு பாடவேளை, ஒரு தவணைக்கு அவர் தொடரட்டும்.

ஆளில்லை என்று சொல்லாதீர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் கோலடித்து ஆடுகிற களிகம்பு தெரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வட்டமாக நின்று, உள்ளும் வெளியுமாக மாறி மாறி இடம் மாற்றி அடிக்கிற அந்த ஒழுங்கை ஒரு கணித ஆசிரியை பார்த்தால் விடமாட்டார். நிலாவெளி, குச்சவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போடுகிற இடத்தில்தான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். தரம் 10 விஞ்ஞானத்தில் விளையுள் விசை என்று படிப்பது இதைத்தான்: ஒரே திசையில் ஒரே நேரத்தில் இழுத்தால் விசைகள் கூடும். ஒரு வடக்கயிற்றை மைதானத்தில் போட்டு, பாட்டோடு ஒருதரம், பாட்டில்லாமல் ஒருதரம் இழுக்கவிட்டால் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லவே தேவையில்லை. ஆனால் கடல் அடங்கியிருக்கிற கச்சான் காற்று மாதங்களில் அவர்களைக் கூப்பிடாதீர்கள், அது அவர்கள் உழைக்கிற காலம். வேறு யார் இருக்கிறார்கள் என்று உங்கள் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் கேட்டால் ஊர்க் கலைஞர்களின் விபரம் கிடைக்கும்.

படித்த இடத்துக்கு அண்ணாவி எதற்கு என்ற கேள்வி உங்கள் ஆசிரியர் அறையிலும் எழும்பும். அப்போது ஒன்றை நினைவுபடுத்துங்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அண்ணாவிமாரை அழைத்துத்தான் மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கினார். அந்த மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராகி, கூத்தையே தன் ஆய்வாகவும் அரங்காகவும் ஆக்கிக்கொண்டார். அண்ணாவிமாரும் ஒரு பல்கலைக்கழகமும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுத்த கதை அது.

அண்ணாவிமாரிடம் முதலே கதைக்கவேண்டிய ஒரு விசயம் உண்டு. ஏச்சும் அடியுமாகப் பழகி வளர்ந்தவர்கள் பலர், பழக்கதோசத்தில் சத்தம் போட்டுவிடுவார்கள். வகுப்பில் அது ஆகாது என்று மரியாதையாக, தனியாகச் சொல்லிவிடுங்கள். நான் அறிந்தவரை சொன்னால் கேட்பார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால், வந்த கலைஞரைப் பயிற்றுநராக்கி, கெட்டித்தனமான எட்டுப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்து அவரிடம் அனுப்பச் சொல்லி உங்களுக்கு நெருக்குவாரம் வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். போட்டிக்கு வேறு ஏற்பாடு செய்யலாம். உங்கள் வாய் திறக்காத பையன் அந்த எட்டில் ஒருநாளும் இருக்கமாட்டான்.

கடைசி நாள் நிகழ்ச்சியை முடிந்தால் தவிருங்கள். அதிபர் விடாவிட்டால், பெற்றோரை வகுப்புக்கே அழைத்து, பிள்ளைகள் அன்று செய்கிற வேலையைப் பார்க்கவிடுங்கள். உடுப்பு, மேடை, ஒத்திகை என்று போனால் மூன்று நாளில் இரண்டு அதற்கே போய்விடும். படம் எடுப்பதற்கும் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். வெளியாட்கள் வருவதற்கு அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதிவையுங்கள்.

பணம். ஊர்க் கலைஞருக்குப் பொன்னாடையோடு அனுப்புகிற பழக்கம் நம்மிடம் உண்டு, அதை நான் வெட்கத்தோடு நினைக்கிறேன். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார். அந்த நாட்கூலியும் போக்குவரத்தும் அவர் கேட்காமலே கொடுக்கவேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் கேளுங்கள். ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் கொடுக்கிறவர்கள் இதற்கும் கொடுப்பார்கள், இதற்கென்று யாரும் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள்.

அந்தப் பையனுக்கு வருவோம். குழு வரும் வரை காத்திருக்கவேண்டாம். நாளைக்கு அவன் பக்கத்தில் போய், “போன வருஷம் பாடினியாமே, நான் கேக்கல்லையே” என்று மட்டும் சொல்லுங்கள். பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியட்டும்.

அண்ணாவியார் யாரையாவது பிடித்தீர்களென்றால் பஸ் தரிப்பிடத்துக்கு ஓர் ஓட்டோ அனுப்பிவிடுங்கள். மத்தளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து வரவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா